அடையாற்றுப் போருக்கு இரண்டு படைகள்: ஈயமா, பிளாஸ்டிக்கா, ரெசினா?

1746-ஆம் ஆண்டு அக்டோபரில் அடையாற்றங்கரையில் நடந்த போரை போர் விளையாட்டாக மேசைமேல் நிகழ்த்திப் பார்ப்பதற்காக, ஆள் உயரம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உள்ள சிற்றுருவங்களால் இரண்டு படைகளைத் திரட்டப் போவதாக வேளச்சேரியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பிரெஞ்சுத் தரப்புக்குச் சிப்பாய்களையும் சேர்த்து 60 காலாட்கள், ஆர்க்காட்டு நவாபின் தரப்புக்கு 48 குதிரை வீரர்கள், இரண்டு யானைகள், இரு தரப்புக்கும் சேர்த்து நான்கு பீரங்கிகள் என்பது உங்கள் கணக்கு. உலோகம், பிளாஸ்டிக், திரவமாக இருந்து கெட்டிப்படும் செயற்கைப் பிசினான ரெசின் ஆகிய மூன்றில் எது சிறந்தது என்பது உங்கள் கேள்வி. பாரடி தலைமையில் வந்த சிறிய பிரெஞ்சுப் படை, பத்தாயிரம் பேர் கொண்டதாகச் சொல்லப்படும், நவாபின் மகன் மாபூஸ் கானின் படையை ஆற்றைக் கடந்து வந்து சிதறடித்த நிகழ்ச்சி நம் ஊருக்குள்ளேயே நடந்தது என்பதால், இதை ஒருவர் எடுத்துச் செய்யப் போகிறார் என்று அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது. ஆகவே, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சிற்றுருவங்களைச் சேர்த்தும் வண்ணம் தீட்டியும் வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நவராத்திரிக்கு முன்னால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலுப் பொம்மை வாங்க வருபவர்கள் மண் பொம்மை வாங்குவதா, காகிதக்கூழ்ப் பொம்மை வாங்குவதா என்று கடைக்காரரிடம் கேட்பதைக் கேட்டிருப்பீர்கள். அனுபவமுள்ள கடைக்காரர் உடனே பதில் சொல்லமாட்டார்; வீட்டில் படி எத்தனை, பொம்மையை வைக்கும் பரண் எப்படிப்பட்டது, அடிக்கடி வீடு மாறுபவர்களா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் எதையும் எடுத்துக் காட்டுவார். நம் சிற்றுருவங்களுக்கும் அந்த விசாரணைதான் பொருந்தும், ஆனால் கேள்விகள் வேறு. கொலுப் பொம்மை படியேறினால் ஒன்பது நாள் அசையாமல் நிற்கும். போர் விளையாட்டில் நிற்கும் வீரனோ ஒரே மாலையில் இருபது முப்பது முறை விரல்களால் தூக்கப்படுகிறான், பக்கத்து வீரனோடு உரசுகிறான், ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு நண்பர் வீட்டுக்குப் போகிறான், சில சமயம் தரையிலும் விழுகிறான். வாங்கும் நாளில் அவன் எப்படித் தெரிகிறான் என்பதைக் காட்டிலும், வண்ணம் தீட்டி முடித்த பிறகு அவன் எப்படி எடுக்கப்படுவான், எப்படிக் கொண்டு செல்லப்படுவான், எதில் வைக்கப்படுவான் என்பதை வைத்தே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பார்த்தால் உங்கள் படை முழுவதற்கும் ஒரே விடை கிடைக்காது. காலாளுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, யானைக்கு வேறொன்று என்றுதான் அமையும்.

உலோகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தக் கலையே அதிலிருந்துதான் தொடங்கியது. நாம் பொதுவாக ஈயம் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் இரண்டு உலோகங்களை: வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதை வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பதற்குக் காரணம் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதுதான். அதே குணம்தான் அதைச் சிற்றுருவம் வார்க்க ஏற்றதாக்குகிறது. இன்று விற்கப்படும் நல்ல உலோகச் சிற்றுருவங்களில் பெரும்பாலானவை வெள்ளீயத்தோடு சிறிது ஆன்டிமனியும் செம்பும் கலந்த கலவையில் வார்க்கப்படுகின்றன. பழையவை காரீயம் மிகுந்தவை. 1893-இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற பொம்மை வீரர்களை வார்க்கத் தொடங்கியதிலிருந்து அடுத்த நூறு ஆண்டுகள் காரீயக் கலவைதான் கோலோச்சியது. 1990களின் தொடக்கத்தில், குறிப்பாக அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் காரீயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவர முனைந்ததை ஒட்டி, பல நிறுவனங்கள் காரீயமில்லாத கலவைக்கு மாறின. எல்லாரும் மாறிவிடவில்லை, சிறிய வார்ப்பாளர்கள் சிலர் இன்னும் காரீயம் சேர்க்கிறார்கள். வெள்ளைத் தாளில் அடிப்பாகத்தைத் தேய்த்துப் பார்த்துப் பென்சில் கோடு போல் சாம்பல் நிறக் கோடு அழுத்தமாக விழுந்தால், காரீயம் கணிசமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அதற்குரிய கவனத்தோடு நடந்துகொள்ளுங்கள். அதாவது, உலர்ந்த நிலையில் அரத்தால் ராவித் தூளைப் பறக்கவிடக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

உலோக உருவங்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதை அறிந்தால், உங்களுக்கு வேண்டிய சிப்பாய்கள் ஏன் அநேகமாக உலோகத்தில் மட்டுமே கிடைக்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும். சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் ஓர் உருவம் செய்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார். சிலையை எடுக்க மண் அச்சை உடைத்தே ஆக வேண்டும் என்பதால் ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். சிற்றுருவ வார்ப்பாளர் வட்ட வடிவ ரப்பர் அச்சைப் பயன்படுத்துகிறார். மூல உருவங்களை இரண்டு ரப்பர்த் தட்டுகளுக்கு இடையே வைத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் பதித்து அச்சாக்கி, அந்த அச்சைச் சுழலவிட்டு நடுவில் உருகிய உலோகத்தை ஊற்றினால், சுழற்சியின் விசையால் அது விளிம்புவரை ஓடி எல்லாக் குழிகளையும் நிரப்புகிறது. அந்த ரப்பர் அச்சு பலநூறு வார்ப்புகளைத் தாங்கும், செய்வதற்கான செலவும் ஒரு சிறு பட்டறைக்கு எட்டக்கூடியது. ஆகவே உலகெங்கும் சில நூறு பேர் மட்டுமே வாங்கக்கூடிய கர்நாடகப் போர்க்காலச் சிப்பாயையும் ஒருவர் துணிந்து வார்த்து விற்க முடிகிறது. பிளாஸ்டிக்கில் அது நடக்காது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

கையில் எடுத்தால் உலோகத்துக்கு இணை வேறில்லை என்று சொல்பவர்களில் நானும் ஒருவன். ஒரு காலாள் ஏறக்குறைய 15 முதல் 20 கிராம் எடை இருப்பான். மேசையில் வைத்தால் வைத்த இடத்தில் நிற்பான். சட்டைக் கை பட்டாலும் சாயமாட்டான். வண்ணம் பிடிக்கவில்லையென்றால் பத்து ஆண்டுகள் கழித்துக்கூட அசிட்டோனில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து வார்த்த நாளின் மேனிக்குத் திருப்பிவிடலாம். இந்த வசதி மற்ற இரண்டிலும் இல்லை. பாலிஸ்டைரீனை அசிட்டோன் கரைத்தே விடும்.

ஆனால் அந்த எடையே அதற்குப் பகையாகவும் ஆகிறது. சென்னை வீடுகளில் தரை என்பது மொசைக் அல்லது டைல்ஸ். மேசை உயரத்திலிருந்து விழும் உலோக வீரனின் துப்பாக்கி முனை வளையும், மூக்கிலும் முழங்காலிலும் வண்ணம் உரிந்து பளபளப்புத் தெரியும், ஒட்டிய கை கழன்று சோபாவுக்கு அடியில் போய்விடும். வளைந்த ஈட்டியை நிமிர்த்தலாம், ஆயினும் ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் அந்த இடம் பலவீனமாகி, நான்காம் ஐந்தாம் முறையில் முறிந்துவிடும். பல துண்டுகளாக வரும் உலோக உருவத்துக்கு வெறும் ஃபெவிக்விக் போதாது. கைத்துளைப்பானால் இரு பக்கமும் துளையிட்டு, ஜெம் கிளிப் கம்பியில் ஓர் ஆணி செருகி, அரால்டைட் கொண்டு ஒட்டினால்தான் நிற்கும். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றாலும் 48 குதிரைகளுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை இப்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

காரீய உருவங்களைப் பற்றி மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. இதை நான் நட்டப்பட்டுக் கற்றேன். ஒரு பெரியவரிடமிருந்து வாங்கிய பழைய காரீயக் காலாட்கள் சுமார் முப்பது பேரைப் புதிதாகச் செய்த ஒட்டுப்பலகை அலமாரியில், அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினேன். மூன்று மழைக்காலங்களுக்குப் பிறகு திறந்தபோது பதினொரு பேரின் கால்களில் விபூதி பூசியது போல் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. தொட்டதும் இருவருடைய கணுக்கால்கள் உதிர்ந்தன. ஒட்டுப்பலகை, சிலவகை மரம், அட்டை, பசை ஆகியவற்றிலிருந்து மெல்ல வெளிப்படும் அசிட்டிக் அமிலம் போன்றவற்றின் ஆவி, ஈரக்காற்றின் துணையோடு காரீயத்தைத் தாக்கி, அதைக் காரீயக் கார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. முற்காலத்தில் வெள்ளைச் சாயம் தயாரிக்க வினிகர் ஆவியில் காரீயத்தகட்டை வேண்டுமென்றே இப்படித்தான் அரிக்கவிட்டார்கள். வண்ணமும் வார்னிஷும் அடித்திருந்தால் தாக்குதல் குறையும். ஆனால் அடிப்பாகம் மூடப்படாமல் இருந்தால் அங்கிருந்து புகுந்துவிடும். உலோகம் என்றால் அழியாதது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளையே அரிப்பிலிருந்து மீட்க வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கே மின்பகுப்பு முறையைக் கையாண்டார் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு விரல்நீளக் காரீய வீரனுக்கும் பராமரிப்பு வேண்டும் என்பது புரியும். காரீயம் இருக்கிறது என்று தெரிந்தால் எஃகு பீரோ, கண்ணாடி அலமாரி, பாலிப்ரொப்பிலீன் டப்பா ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் வையுங்கள். வெள்ளீயக் கலவைக்கு இந்த நோய் வருவதில்லை.

இனிப் பிளாஸ்டிக். இந்தச் சொல்லுக்குள் முற்றிலும் வேறுபட்ட மூன்று பொருள்கள் ஒளிந்திருக்கின்றன, வாங்குபவர்கள் பலர் ஏமாறுவதும் இங்கேதான். சட்டகத்தோடு துண்டு துண்டாக வரும் கெட்டியான சாம்பல் நிறப் பிளாஸ்டிக் என்பது பாலிஸ்டைரீன். ஏர்ஃபிக்ஸ் முதலான பழைய 1/72 அளவுப் பொட்டலங்களில் வந்த வளையும் வீரர்கள் பாலிஎத்திலீன். மேசைப் பலகை விளையாட்டுகளோடு வரும், சற்றே ரப்பர் போன்ற உருவங்கள் பெரும்பாலும் பிவிசி. பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. வளையும்போது வண்ணம் செதில் செதிலாக உதிரும். பிவிசியில் சில ஸ்ப்ரே பிரைமர்கள், அதாவது வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சுகள், மாதக்கணக்கில் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், ஏனெனில் அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் பிரைமரோடு வினைபுரிகிறது. வளைந்த வாளைக் கொதிநீரில் நனைத்து நேராக்கி உடனே குளிர்நீரில் முக்கினால் பிவிசி ஓரளவு சொன்னபடி கேட்கும். ஆனால் மென்மையான முகத்தோற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் படைக்கு இவ்விரண்டும் வேண்டாம் என்றே சொல்வேன். இனிமேல் பிளாஸ்டிக் என்று நான் எழுதும் இடத்தில் எல்லாம் பாலிஸ்டைரீன் என்று கொள்ளுங்கள்.

பாலிஸ்டைரீன் உருவத்தைச் செய்ய எஃகில் அச்சு வெட்ட வேண்டும். அதற்குள் உருகிய பிளாஸ்டிக்கைப் பேரழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும். அச்சுக்கான முதலீடு மிகப் பெரியது. ஆனால் அச்சு ஒருமுறை உருவாகிவிட்டால் லட்சக்கணக்கான பிரதிகளை அள்ளித்தரும். ஆகவே பல்லாயிரம் பேர் வாங்குவார்கள் என்ற நம்பிக்கை உள்ள படைகள் மட்டுமே பிளாஸ்டிக்கில் வருகின்றன: ரோமானியர், நெப்போலியன் காலத்தவர், இரண்டாம் உலகப்போர் வீரர்கள் போன்றோர். நம் சிப்பாய் அந்தப் பட்டியலில் இல்லை. எனினும் மூன்று முனைத் தொப்பியும் நீண்ட கோட்டும் அணிந்த 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலாட்படை பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது, உங்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது போதும்.

பிளாஸ்டிக்கின் தனிப்பெரும் சிறப்பு அதன் ஒட்டு. பிளாஸ்டிக் சிமென்ட் என்று விற்கப்படுவது உண்மையில் பசை என்பதைவிடக் கரைப்பான் என்பதே பொருத்தம். அது இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது, காய்ந்தபின் அங்கே மூட்டு என்ற ஒன்றே இருப்பதில்லை. இந்த வீரன் மேசையிலிருந்து மொசைக் தரையில் விழுந்தால் துள்ளி எழுவான். கைகளை மாற்றி ஒட்டுவதும், தலையை வெட்டி வேறு தலை வைப்பதும், கோட்டின் கீழ்ப்பகுதியைச் செதுக்குவதும் சாதாரண கத்தியால் முடியும் வேலைகள். ஒரே பெட்டியில் வரும் உடல்களை இருபது வெவ்வேறு நிலைகளில் அமைக்கலாம். குறை என்றால், எஃகு அச்சு இரண்டாகப் பிரிந்து திறக்க வேண்டியிருப்பதால் உள்வளைவான இடங்களை அதில் செதுக்க முடியாது; அதனால் இடுப்புக்கும் கைக்கும் நடுவில் உள்ள பகுதிகளிலும் பக்கவாட்டிலும் நுணுக்கம் மழுங்கியிருக்கும். இதைத் தவிர்க்கத்தான் ஓர் உருவத்தைப் பல துண்டுகளாகப் பிரிக்கிறார்கள்.

எடை மிகவும் குறைவு என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். இரண்டு மூன்று கிராம் எடையுள்ள வீரன், குறிப்பாகக் கையில் கொடி பிடித்தவன், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தால் ஆடத்தான் செய்வான். அதற்கு எளிய மாற்று இருக்கிறது. பாரிமுனை இரும்புக்கடைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும் எஃகு வாஷர்களை அடித்தட்டின் கீழ் ஒட்டிவிட்டால் எடை அடியில் சேர்ந்து நிலைப்பும் கூடும். காந்தத் தாள் ஒட்டிய தகரப் பெட்டியில் அப்படியே நிறுத்திக்கொண்டு போகவும் முடியும். உலோக வீரர்களுக்கும் இதே வாஷரை ஒட்டலாம், ஏனெனில் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் காந்தம் இழுப்பதில்லை.

ரெசினிலும் இரண்டு வகைகள் இருக்கின்றன, இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் குழப்பம் மிகுதி. முதலாவது பாலியூரிதேன். இரண்டு திரவங்களைக் கலந்து சிலிகோன் அச்சில் ஊற்றினால் சில நிமிடங்களில் கெட்டிப்படும். சிலிகோன் அச்சு மென்மையானது என்பதால் உள்வளைவுகளையும் தாராளமாகப் பிடிக்கும், கண்ணிமைக் கோடுவரை நுணுக்கம் தரும். ஆனால் சில பத்து வார்ப்புகளிலேயே தேய்ந்து கிழிந்துவிடும். ஆகவே குறைந்த எண்ணிக்கையில் விற்கும் பெரிய உருவங்களுக்கு இதுவே ஏற்றது. யானை, கோட்டை மதில், பீரங்கி வண்டி போன்றவற்றை உலோகத்தில் வார்த்தால் எடையும் விலையும் தாங்காது. இன்றைய சந்தையில் வெள்ளீயம் காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விலையுள்ளது என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

ரெசின் உருவம் வந்ததும் முதல் வேலை, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து நன்றாகக் கழுவுவது. அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவிய வழுக்குப்பொருள் மேலே ஒட்டியிருக்கும்; அதைக் கழுவாமல் வண்ணம் அடித்தால் ஒரு மாதத்தில் தோல் உரிவது போல் உரியும். காற்றுக் குமிழிகளைத் தேடிப் பாருங்கள், விரல் நுனி, வாள் முனை, கீழ்த்தாடை ஆகிய இடங்களில் அவை ஒளிந்திருக்கும். 2011-இல் பெயர்பெற்ற ஒரு பிரித்தானிய நிறுவனம் தன் உலோக உருவங்களில் பெரும்பகுதியை ரெசினுக்கு மாற்றியபோது எழுந்த குறைகளில் இந்தக் குமிழிகளே முதன்மையாக இருந்தன. ராவும்போது நீர் விட்டுத்தான் ராவ வேண்டும், முகக்கவசமும் அணிய வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் அல்லது அரால்டைட். பிளாஸ்டிக் சிமென்ட் இதில் வேலை செய்யாது.

ரெசினின் பெரிய பலவீனங்கள் முறிவும் வெப்பமும். மெல்லிய ரெசின் ஈட்டி வளையாது, படக்கென்று ஒடியும். வெப்பத்தில் மட்டும் வளையும், அதுவும் நாம் விரும்பாத நேரத்தில். ஒரு மே மாதப் பிற்பகலில் தியாகராய நகரில் காரை வெயிலில் நிறுத்திவிட்டுப் போன நான், இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, பின் இருக்கையில் இருந்த பெட்டிக்குள் என் பட்டத்து யானையின் தந்தங்கள் இரண்டும் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தன, அம்பாரிக் குடையின் காம்பு வில்லாக வளைந்திருந்தது. சூடான நீரில் ஊறவைத்துத் தந்தங்களை நிமிர்த்திவிட்டேன், ஆனால் வளைவின் மேல் இருந்த வண்ணம் வெடித்துப்போனதால் அந்தப் பகுதியை முழுவதுமாக மறுபடி தீட்ட வேண்டியதாயிற்று. அதே பெட்டியில் இருந்த பாலிஸ்டைரீன் காலாட்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. அது மென்மையாவதற்கு ஏறக்குறைய 100 டிகிரி வேண்டும். இன்று நான் யானைகளின் குடைக்காம்பையும் ஈட்டியையும் நீக்கிவிட்டுப் பித்தளைக் கம்பியில் செய்து பொருத்துகிறேன். பித்தளை வளைந்தால் நிமிர்த்தலாம், ஒடிவதும் அரிது.

வீட்டிலேயே பாலியூரிதேன் வார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்குச் சென்னைக் காற்று ஒத்துழைப்பதில்லை. அந்தத் திரவங்களில் ஒன்றான ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடை வெளியிடும். வார்ப்பு இட்லி மாவு போல் நுரைத்துக்கொண்டு வரும். குளிர்சாதன அறையும், திறந்தவுடன் தீர்த்துவிடும் சிறு டப்பாக்களும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

இரண்டாவது வகை, இப்போது பலர் வீட்டில் வைத்திருக்கும் முப்பரிமாண அச்சுப்பொறியில் பயன்படும் ஒளிரெசின். 405 நானோமீட்டர் ஒளி பட்ட இடம் கெட்டியாகி, ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாக உருவம் வளர்கிறது. எவரும் வார்க்காத நவாபின் குதிரை வீரனைக்கூட, கணினியில் செதுக்கத் தெரிந்தவர் நமக்கு உருவாக்கித் தர முடிகிறது என்பது என் இளமையில் கற்பனைக்கும் எட்டாத வசதி. ஆனால் இதைப் பற்றிய உற்சாகத்தில் மறைக்கப்படும் உண்மைகள் சில உண்டு. கெட்டிப்படாத ஒளிரெசின் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும். ஒருமுறை வந்தபின் அது வாழ்நாள் முழுவதும் விடாது என்பதால் முதல் நாளிலிருந்தே நைட்ரைல் கையுறை கட்டாயம். கழுவுவதற்கான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கிறது. அது விரைவில் தீப்பற்றக்கூடியது என்பதைச் சமையலறையை ஒட்டிய அறையில் வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாது. கழுவிய கழிவுத் திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடியில்லாத பழைய பாத்திரத்தில் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்தால் ஆல்கஹால் ஆவியாகி, ரெசின் கெட்டியாகி அடியில் தங்கிவிடும். அதன் பிறகுதான் அது குப்பைக்குப் போகத் தகுந்தது. உள்ளீடற்றதாக அச்சிட்ட யானையின் வயிற்றுக்குள் கெட்டிப்படாத ரெசின் தங்கிவிட்டால் சில மாதங்களில் வெடிப்பு விட்டுக் கசியும், ஆகவே அடியில் இரண்டு துளைகள் விட்டு உள்ளேயும் கழுவ வேண்டும். வெயிலில் அளவுக்கு மீறிக் காயவைத்தால் உருவம் பிஸ்கட் போல் நொறுங்கும். சாதாரண ஒளிரெசினோடு வளையும் தன்மையுள்ள ரெசினைச் சிறிது கலந்து அச்சிடுபவர்களின் உருவங்கள் மேசையில் நீண்ட நாள் உழைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிறரிடம் அச்சிட்டு வாங்குவதானால் இதை முதலில் விசாரியுங்கள்.

மூன்று பொருள்களுக்கும் பொதுவாக, நம் ஊர் ஈரம் செய்யும் வேலை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபெவிக்விக் போன்ற பசைகள் காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகின்றன. அதனால் இங்கே அவை நொடியில் பிடிக்கும், திறந்த குப்பி சில நாட்களில் கல்லாகும், ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகைபோல் படியவும் செய்யும். சிறு குப்பிகளாக வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது நல்லது. ஸ்ப்ரே பிரைமரையும் வார்னிஷையும் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் தொடவே வேண்டாம். பனித்திரை போல் வெளுத்துவிடும். ஆண்டு முழுவதும் வேலை நடக்க வேண்டுமானால் தூரிகையால் பூசும் பிரைமருக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் 60 காலாட்களும் 48 குதிரை வீரர்களும் முழுக்க உலோகத்தில் என்றால் ஏறக்குறைய நான்கு கிலோ ஆகும். பிளாஸ்டிக்கில் என்றால் முக்கால் கிலோவுக்குள் முடியும். சுங்க வரி கணக்கிடப்படுவது பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குத்தான், ஆகவே எடை இரண்டு முறை பணம் பறிக்கிறது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. பொட்டலம் அந்தத் தலைப்பில் வகைப்படுத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதை ஆர்டர் செய்வதற்கு முன்பே கணக்கிட்டுப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் வைத்து உங்கள் படைக்கு நான் சொல்லக்கூடியது இது. நவாபின் 48 குதிரைகளே மேசையில் அதிகம் நகரப் போகிறவை. குதிரைக் கால்கள் மெல்லியவை, உலோகத்தில் அவை கணுக்காலில் வளைந்து வளைந்து கடைசியில் முறியும். ஆகவே குதிரைகளைப் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். கிழக்கத்தியக் குதிரைப்படைகள் பிளாஸ்டிக்கில் இருக்கின்றன. வீரர்களின் தலைப்பாகையையும் இடைக்கச்சையையும் எம்-சீல் அல்லது அதைவிட நுண்ணிய மாடலிங் புட்டியில் திருத்திக்கொள்ளலாம். எம்-சீல் சற்று முரடானது, எனினும் தலைப்பாகை மடிப்புக்குப் போதும். யானைகள் இரண்டும் ரெசினில், முன்னே சொன்ன பித்தளைக் கம்பித் திருத்தத்தோடு. அவை ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறைதான் நகரும், அதுவும் இரு கைகளால் வயிற்றைப் பிடித்தே நகர்த்தப்படும். பீரங்கிகளின் குழாய் உலோகத்தில் இருப்பதே எனக்குப் பிடிக்கும், சக்கரங்கள் எதில் வந்தாலும் பாதகமில்லை. பாரடியையும் மாபூஸ் கானையும் உலோகத்தில் வாங்குங்கள். தளபதியைத் தூக்கும்போது விரலில் அந்தக் கனம் தெரிய வேண்டும் என்பது என் தனிப்பட்ட விருப்பம், அதற்குமேல் வலுவான காரணம் ஏதும் என்னிடம் இல்லை.

மீதமிருப்பவர்கள் காலாட்கள். பிரெஞ்சுக்காரர்கள் பிளாஸ்டிக், சிப்பாய்கள் உலோகம் என்று பிரிப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழியிருக்காது. இருவரையும் ஒரே அடித்தட்டில் கலக்காதீர்கள். உலோகச் சிற்பிகள் தலையையும் கையையும் சற்றுப் பெருக்கிச் செதுக்குவது வழக்கம், பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது கண்ணை உறுத்தும், இரு வேறு அணிகளாக ஒரு சாண் தள்ளி நின்றால் தெரியாது. ஒரே நிறப் பிரைமர், ஒரே தடிமனுள்ள அடித்தட்டு, ஒரே மணல், புல் என்று அமைத்தால் இரண்டும் ஒரே படையாகிவிடும். முதல் பொட்டலமாகச் சிப்பாய்களையே வரவழையுங்கள். அவர்களின் உயரத்தைப் பாதத்திலிருந்து கண்வரை அளந்த பிறகு, அதற்கு நெருக்கமான உயரமுள்ள பிளாஸ்டிக் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். பிளாஸ்டிக் வீரன் குள்ளமாகிப் போனால் காலடியில் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு ஒட்டி உயர்த்திவிடலாம்; உலோகச் சிப்பாய் நெட்டையாக வந்தால் அவனைக் குறைக்க வழி இல்லை.